பனி காணச் செல்லும் குடும்பங்களுக்கு



பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே சென்னையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. தியாகராய நகரில் குழந்தைகளுக்குக் கம்பளி உடை தேடும் குடும்பத்தினர், அடையாற்றில் பயண முகவரின் மேசைக்கு முன் அமர்ந்து விலைப்பட்டியலைப் புரட்டும் தம்பதியர், மயிலாப்பூரில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் நண்பர்கள் என எல்லோரும் ஒரே செய்தியைத்தான் பேசுகின்றனர்: இந்த விடுமுறைக்குக் காஷ்மீர், குல்மார்க்கில் பனி விழத் தொடங்கிவிட்டது. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு, வெண்பனியை ஒருமுறையாவது கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பது இயற்கையே.

அந்த ஆசையில் குறை காண்பதற்காக இதை எழுதவில்லை. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படி அல்குர்ஆன் நம்மை அழைக்கிறது. பனி மூடிய மலையைக் கண்டு சுப்ஹானல்லாஹ் என்று சொல்லும் குழந்தைக்கு, பல பாடங்களால் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. ஆயினும் அந்தப் பயணத்தில் நாம் எளிதில் தவறவிடும் ஒரு கடமை உண்டு. சென்ற முறை நானும் அதைத் தவறவிட்டேன். இவ்வாண்டு செல்லவிருக்கும் குடும்பங்களுக்கு அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன்.

குறைஷியரின் குளிர்காலப் பயணம்

மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடமானது சூரத்து குறைஷ். அல்குர்ஆனின் 106ஆவது அத்தியாயம், நான்கே வசனங்கள். தொழுகையில் நாம் அடிக்கடி ஓதுவதும் கூட. குறைஷியருக்கு அல்லாஹ் செய்த பேருபகாரமாக, குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அது நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாம் நாட்டுக்கும் அவர்களுடைய வணிகக் கூட்டங்கள் சென்று வந்தன என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அத்தகைய மக்களுக்குப் பசியின்போது உணவளித்து, அச்சத்திலிருந்து அபயமும் அளித்த அந்த ஆலயத்தின் இறைவனையே அவர்கள் வணங்கட்டும் என்று அந்த சூரா நிறைவுபெறுகிறது.

பயணம், உணவு, அபயம், வணக்கம். இந்த நான்கையும் இந்தச் சிறிய சூரா ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. நம் பயணத் திட்டத்திலோ முதலாவது மட்டுமே இருக்கிறது. எத்தனை இரவுகள், எந்தெந்த இடங்கள், எத்தனை நட்சத்திர விடுதி என்று மட்டுமே கேட்கிறோம். யாருடைய பசிக்கும் யாருடைய அச்சத்திற்கும் நடுவே நாம் போய் இறங்குகிறோம் என்பதைப் பயணப் பட்டியல் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

அவர்களுடைய குளிர்காலம்

டிசம்பர் 21ஆம் நாள் காஷ்மீரில் 'சில்லாய் கலான்' தொடங்குகிறது. பெருங்குளிர்க் காலம் என்று கொள்ளலாம். நாற்பது நாட்கள் நீடிக்கும் அதன் பின்னர் இருபது நாட்கள் 'சில்லாய் குர்த்', பிறகு பத்து நாட்கள் 'சில்லாய் பச்சா'. ஆக எழுபது நாட்கள். இந்நாட்களில் ஸ்ரீநகரின் இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குப் பல பாகைகள் கீழே இறங்குவது வழக்கம். தால் ஏரியின் ஓரங்கள் உறைகின்றன. குழாய்களில் நீரும் உறைகிறது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் 'ஃபெரன்' என்னும் தளர்ந்த அங்கிக்குள், தணல் நிரப்பிய மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்து அணைத்துக்கொண்டு மக்கள் நடமாடுகின்றனர். 'காங்க்ரி' என்பது அதன் பெயர்.

கோடையிலேயே அவர்கள் கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் அரிந்து வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்கின்றனர். நம் பாட்டிமார் மொட்டை மாடியில் வற்றல் காயவைப்பது நினைவுக்கு வரும். ஆனால் நமக்கு வற்றல் ஒரு சுவை. அவர்களுக்கோ, பனியாலும் மண்சரிவாலும் ஜம்மு நெடுஞ்சாலை அடைபட்டுப் போகும் நாட்களில் அதுவே கறி.

பள்ளிவாசல்களிலும் இந்தக் குளிருக்கு ஓர் ஏற்பாடு உண்டு. 'ஹம்மாம்' என்னும் அறையில் கற்பலகைகளால் தரை அமைத்து, அதன் அடியில் விறகு எரிக்கின்றனர். தரை வெதுவெதுப்பாக இருக்கும். உளூச் செய்ய வெந்நீரும் கிடைக்கும். முதியவர்கள் தொழுகைக்கு முன்னும் பின்னும் அங்கே அமர்ந்து ஊர்ச்செய்தி பேசுகின்றனர். விறகுக்கான செலவை அந்தந்தப் பகுதி மக்களே தம்முள் பகிர்ந்துகொள்கின்றனர்.

வயலும் தோட்டமும் உறங்கும் இப்பருவத்தில், மலையூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நாம்தான் வருமானம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க்கில் 'கொண்டோலா' என்னும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக மேலே செல்கிறது. முதற்கட்டம் கோங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டுகிறது. பனிச்சறுக்கு பயில உலகின் பல நாடுகளிலிருந்தும் அங்கே வருகின்றனர். 2020 முதல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நடந்துவருகின்றன. முன்பெல்லாம் குளிர்காலத்தில் சாலை அடைபட்டுத் தனித்துப்போகும் சோன்மார்க்கிற்கு, 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்ட சுமார் 6.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வழியமைத்துள்ளது. அதே ஆண்டு ஜூன் 6 அன்று, செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலத்தின் வழியாகக் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது.

வழிகள் திறந்துவிட்டன, ஆனால் பிழைப்பு உறுதியாகிவிடவில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் வழக்கமான பனி விழவில்லை. பழுப்பு நிறப் புல்வெளியின் படங்கள் செய்திகளில் வந்ததும் பலர் முன்பதிவுகளை இரத்து செய்தனர். நமக்கு அது ஏமாற்றம். வேறு ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள மட்டக்குதிரைக்காரருக்கும் சறுக்கு வண்டி இழுப்பவருக்கும் அது ஒரு பருவத்தின் வருமானம். உழவருக்கோ, கோடையில் தோட்டத்திற்குப் பாய வேண்டிய நீர்.

பின்னர் 2025 ஏப்ரல் 22 வந்தது. பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டனர். விடுமுறைக்கு வந்த குடும்பத் தலைவர்கள், புதிதாய் மணமானவர்கள் மனைவியரின் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டனர். இதைவிடக் கொடிய துரோகம் விருந்தாளிக்குச் செய்ய முடியாது. மாண்டவர்களுள் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சென்ற உள்ளூர் முஸ்லிம் இளைஞர் ஒருவரும் இருந்தார். காயமுற்றோரை உள்ளூர்க் குதிரைக்காரர்கள் தம் முதுகில் சுமந்து இறக்கினர். மறுநாள் பள்ளத்தாக்கு முழுவதும் கடைகளை அடைத்து மக்கள் துக்கம் காட்டினர். அதன்பின் பல மாதங்கள் விடுதிகளும் படகு வீடுகளும் வெறிச்சோடிக் கிடந்தன. நமக்கு அச்சம் வந்தது. அவர்களுக்கு அச்சத்தோடு பசியும் வந்தது. சூரத்து குறைஷ் பசியையும் அச்சத்தையும் ஏன் அடுத்தடுத்து வைத்திருக்கிறது என்பது அங்கே போய் நின்றால் விளங்கும்.

ஒரு சறுக்கு வண்டியின் கூலி

நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

குல்மார்க்கில் வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியதும் பலர் சூழ்ந்துகொண்டனர். மரத்தால் செய்த சிறு சறுக்கு வண்டியில் நம்மை அமரவைத்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இழுத்துச் செல்வது அவர்களின் தொழில். அறுபது வயதை நெருங்கிய ஒருவர், என் இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டு வரை போய்வர 1,500 ரூபாய் கேட்டார். ரங்கநாதன் தெருவில் பழகிய நாக்கு உடனே பாதிக்கும் கீழே இறங்கியது. அன்று கூட்டம் குறைவு. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வாடிக்கையாளர் இல்லை. 600 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். நான் வென்றதாக நினைத்தேன்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவர் இழுத்தார். மேட்டில் ஏறும்போது அவருடைய மூச்சு புகையாக வெளிவந்தது. என் இளைய மகள், "அத்தா, அவருக்கு வயசாயிடுச்சே, நாம இறங்கி நடக்கலாமா?" என்று கேட்டாள். "அது அவர் வேலைம்மா" என்றேன். பதில் சரியாகத்தான் இருந்தது. அவர் வேலைக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

லுஹருக்கு அருகிலிருந்த பள்ளிவாசலுக்குச் சென்றேன். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, எனக்கு இரண்டு பேர் தள்ளி அதே ஸஃப்பில் அவர் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகமலர்ந்து கைகொடுத்தார். எந்த ஊர் என்று உருதுவில் கேட்டார். மதராஸ் என்றேன். இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்களே, வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தேநீர் அருந்திவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கூலியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

எனக்கு உடல் கூசியது. குறைத்த 900 ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்க மறுத்தார். பேசியது பேசியதுதான் என்றார். பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பளிப்பு என்று சொன்ன பிறகே தயங்கி வாங்கிக்கொண்டார். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது; ஆனால் கணக்கு நேராகவில்லை என்பதை அப்போதே உணர்ந்தேன். காலையில் அவருடைய உரிமையாக இருந்தது, மதியம் என்னுடைய தயவாக மாறிவிட்டது. கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு. வாங்கியவர் என்ற பெயர் அவருக்கு.

அன்றிரவு விடுதியில் உணவுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். அறையில் சூடேற்றிக்குத் தனிக் கட்டணம். ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. ஏனெனில் அவர்கள் அச்சிட்ட ரசீது தந்தனர். அச்சிட்ட ரசீதுக்குத் தலைவணங்கும் நாம், ரசீது இல்லாத ஏழையிடம் மட்டுமே நம் பேரத் திறமையைக் காட்டுகிறோம்.

கூலி வேறு, அன்பளிப்பு வேறு

பேரம் பேசுவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. விற்கும்போதும் வாங்கும்போதும் தன் உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடந்துகொள்பவருக்கு அல்லாஹ்வின் அருள் வேண்டி நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கடைக்காரரிடம் சரக்கின் விலையைப் பேசுவதற்கும், கடுங்குளிரில் ஒரு மனிதரின் உடலுழைப்பின் விலையைப் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. சரக்கு நாளைக்கும் விற்கும். இன்று இழுக்கப்படாத வண்டியின் கூலி நாளை திரும்பி வராது. அந்த நெருக்கடியை அறிந்துகொண்டே நாம் விலையை அழுத்துகிறோம்.

வியர்வை உலர்வதற்கு முன் தொழிலாளியின் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. மறுமை நாளில் அல்லாஹ் தானே எதிர்வாதியாக நிற்கும் மூவரில் ஒருவன், ஆளை அமர்த்தி முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன் என்றும் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி எச்சரிக்கிறது. நாங்கள் கூலியைக் கொடுத்துவிட்டோமே என்று நாம் சொல்லலாம். ஆம், கொடுத்தோம்; எதைக் கொடுத்தோம் என்பதே கேள்வி. மூஸா (அலை) அவர்களே மத்யனில் ஊர்விட்டு வந்த அந்நியராக இருந்து, கூலிக்கு உழைத்தவர்தாம். அவர்களை அமர்த்திய பெரியவர் நிபந்தனைகளை முதலிலேயே தெளிவாகச் சொன்னார். அவர்களுக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். வேலை கொடுப்போர்க்கு அதில் பெரும் முன்மாதிரி உண்டு.

இங்கே சில மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது: அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றுகிறார்கள், இரு மடங்கு கேட்கிறார்கள். உண்மைதான், அப்படியும் நடக்கிறது. எல்லா ஊரிலும் நடப்பதுதான். வெளியூரிலிருந்து சென்னை வந்து இறங்குபவரிடம் நம்மூர் ஆட்டோக்காரர் சிலர் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்கு மருந்து கூலியை மிதிப்பதன்று. முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்வது. கூலி இன்னதென்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்திற்கு ஃபிக்ஹு நூல்கள் வைக்கும் நிபந்தனையாகும். நிர்ணயித்த கட்டணம் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அதைப் பாருங்கள். தங்கும் விடுதியில் இருவரிடம் கேட்டு நியாயமான கூலியை அறியுங்கள். கொண்டோலாவுக்கு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே சீட்டு வாங்குங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்பதைப் பேசி முடித்த பின் ஏறுங்கள். இறங்கிய பின் மீண்டும் குறைக்காதீர்கள். அதிகம் கேட்பவரை ஸலாம் சொல்லிக் கடந்துவிடுங்கள்; நியாயமாகக் கேட்பவருக்கு முழுமையாகக் கொடுங்கள்.

இரண்டாவது: இத்தனை செலவில் ஓர் உம்ரா செய்துவிடலாமே, உல்லாசப் பயணம் வீண்விரயம் அல்லவா? கடன் இருப்பவரும், ஸகாத் நிலுவையில் இருப்பவரும், ஹஜ் கடமையாகியும் நிறைவேற்றாதவரும் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவை முடிந்த பின், குடும்பத்தோடு அனுமதிக்கப்பட்ட வகையில் மகிழ்ந்திருப்பது பாவமாகாது. ஆனால் விரயம் என்று பேசுபவர்கள் அதை எங்கே தேடுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் உறங்கப்போகும் அறையில் ஏரி தெரிய வேண்டும் என்று கூடுதலாகக் கொடுப்பது விரயமாகத் தெரிவதில்லை. குதிரைக்காரருக்குக் கூடுதலாக 200 ரூபாய் கொடுத்தால் மட்டும் வீட்டில் விரயம் பற்றிய பயான் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது: அங்கே செல்வது பாதுகாப்பானதா? உயிரைக் காப்பது கடமை. 2025க்குப் பின் இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் கோழை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அரசு திறந்துவைத்துள்ள இடங்களுக்கு மட்டும் செல்லுங்கள். வானிலை எச்சரிக்கையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் மீறாதீர்கள். இதயநோயோ மூச்சுத்திணறலோ உள்ள பெற்றோரைக் கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்திற்கு அழைத்துச் செல்லும் முன் மருத்துவரைக் கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் போகாதிருப்பதில் தவறில்லை. போவதென்று முடிவு செய்தால், அச்சத்தை அவர்கள் மீது சந்தேகமாகச் சுமத்தாமல் போங்கள்.

முஸாபிரின் தொழுகை

அந்த முதியவரை நான் பள்ளிவாசலில் சந்தித்திராவிட்டால், 600 ரூபாய்க்கு முடித்த கதையை இன்றும் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருப்பேன். ஸஃப்பில் நின்றதால்தான் அவர் எனக்கு மனிதராகத் தெரிந்தார். ஆகவே பயணத்தில் தொழுகையைக் காப்பது நம் சொந்த நன்மைக்கு மட்டுமன்று, பிறர் உரிமையைக் காக்கவும் துணை செய்கிறது.

குளிர்காலத்தில் அங்கே பகல் மிகக் குறுகியது. டிசம்பர் இறுதியில் ஸ்ரீநகரில் சூரியன் உதிப்பது காலை ஏழரை மணியளவில். மறைவது மாலை ஐந்தரைக்குச் சற்று முன். சுப்ஹுத் தொழுகைக்குச் சென்னையைவிட ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தாலும் போதும்; விடுமுறையில் சுப்ஹைத் தவறவிட அங்கே காரணமே இல்லை. மாறாக லுஹரும் அஸரும் மஃரிபும் அடுத்தடுத்து வந்துவிடும். கொண்டோலா வரிசையில் நிற்கும்போதே லுஹர் போய்விடுவது பலருக்கும் நேர்கிறது. காலையிலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இது நல்ல வாய்ப்பு. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழும் கஸ்ரு உண்டு. ஷாஃபி மத்ஹபினர் இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உம் செய்யலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. எத்தனை நாள் தங்கினால் கஸ்ரு நீங்கும் என்பதிலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உள்ளது. புறப்படும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் பயண நாட்களைச் சொல்லித் தெளிவு பெறுங்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது அவரோடு முழுமையாகவே தொழ வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உளூவுடன் அணிந்த தோல் காலுறையின் மீது, பயணி மூன்று பகலும் மூன்று இரவும் மஸ்ஹு செய்துகொள்ளலாம். அந்தக் குளிரில் இதன் அருமை விளங்கும்.

தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்றஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. மார்க்கம் இத்துணை எளிது. ஆனால் குழாயைத் திருப்பினால் வெந்நீர் வரும் விடுதியில் இருந்துகொண்டு அந்தச் சலுகையைத் தேடுவது நியாயமன்று.

இயன்றவரை விடுதி அறையில் தொழாமல் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். ஸ்ரீநகரின் நவ்ஹட்டாவில் சுல்தான் சிக்கந்தர் காலத்தில் 1402இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. பலமுறை தீக்கிரையாகியும் மீண்டும் எழுந்த அப்பள்ளியை 370க்கும் மேற்பட்ட தேவதாரு மரத்தூண்கள் தாங்கி நிற்கின்றன. தால் ஏரிக்கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் இருக்கிறது. இரண்டிலும் பெண்கள் தொழ இடம் உண்டு. ஒரு சிறு தெருப் பள்ளியின் ஹம்மாமில் கால்மணி நேரம் அமர்ந்தாலும் போதும். தேநீரோடு ஊரின் நிலைமையும் உங்களுக்குக் கிடைக்கும். வெளியே வரும்போது விறகுச் செலவுக்கென உண்டியலில் ஏதேனும் போடுங்கள்.

தெற்கே வரும் பயணிகள்

குளிர்காலப் பயணம் ஒருவழிப் பாதையன்று. நாம் பனி காண வடக்கே செல்லும் அதே மாதங்களில், காஷ்மீரத்து வணிகர்கள் சால்வைகளையும் கம்பளங்களையும் சுமந்துகொண்டு நாடெங்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசாவிலும் மாமல்லபுரத்திலும் அவர்களுடைய கடைகளைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சூரத்து குறைஷ் சொல்லும் பயணத்திற்கு நம்மைவிட அவர்களே நெருக்கமானவர்கள். வீட்டாரின் உணவுக்காகக் குளிர்காலத்தில் வழிநடப்பவர்கள். வடக்கே ஏதேனும் அசம்பாவிதம் நேரும்போதெல்லாம், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத காஷ்மீர் வணிகரும் மாணவரும் பிற ஊர்களில் மிரட்டலுக்கு ஆளாவதைச் செய்திகளில் படிக்கிறோம். சென்னையில் அப்படி ஒருவர் அஞ்சி நிற்க நேரக்கூடாது. அவருடைய கடையில் ஒரு ஸலாம் சொல்வதும், நலம் விசாரிப்பதும், தேவையிருந்தால் நியாய விலைக்கு ஒன்று வாங்குவதும் விமானச்சீட்டு இல்லாமலே செய்யக்கூடியவை.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, பசியும் அச்சமும் எப்படிச் சேர்ந்து வரும் என்று நாமும் அறிந்துகொண்டோம். பள்ளிவாசல்களில் சமைத்து, இன்னார் இனியார் என்று பாராமல் சோறு கொண்டுசென்ற நம் இளைஞர்களைப் பற்றி இன்றும் பெருமையுடன் பேசுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஜீலம் பெருகி ஸ்ரீநகர் மூழ்கியிருந்தது. அங்கே நம்மை வரவேற்பவர்களும் இந்த அனுபவத்தைத் தாண்டி வந்தவர்களே.

ஆகவே, இவ்வாண்டு செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணச் செலவைக் கணக்கிடும்போதே, குதிரைக்காரர், வண்டி இழுப்பவர், படகோட்டி, ஓட்டுநர் ஆகியோருக்கான நியாயமான கூலியைத் தனியே எடுத்துவையுங்கள். அதை உங்கள் பிள்ளைகளின் கையால், வேலை முடிந்த கணமே கொடுக்கச் செய்யுங்கள். மனம் விரும்பினால் அன்பளிப்பும் கொடுங்கள். ஆனால் கூலியில் குறைத்து அன்பளிப்பில் ஈடுகட்டாதீர்கள். என் மகள் அன்று கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ், சொல்வேன்.

நம் பயணங்களை நன்மையானவையாகவும், நாம் சென்றிறங்கும் ஊர்களைப் பசியும் அச்சமும் நீங்கிய ஊர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.